பச்சைக் குமிழியும் பேத்தியின் கேலியும்

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எல்லாரும் ஐபோன், நான் மட்டும் ஆண்ட்ராய்டு. நான் சேர்ந்ததும் குடும்பக் குழுவே பச்சையாகிவிட்டது என்று பேத்தி கேலி செய்கிறாள். ஆண்ட்ராய்டிலேயே நீலம் வரவைக்கும் பீப்பர் மினி என்றொரு செயலி இருந்ததாமே, ஏன் நிறுத்தினார்கள்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: அவர்களாக எங்கே நிறுத்தினார்கள்? நிறுத்தவைத்தார்கள். ஐபோன்களுக்குள் ஆப்பிளின் ஐமெசேஜ் சேவை வழியாகப் போகும் செய்தி நீலக் குமிழியில் தெரியும், ஆண்ட்ராய்டு சேர்ந்தால் பச்சை. அந்த ஐமெசேஜ் தன் சர்வரோடு எப்படிப் பேசுகிறது என்பதை 16 வயதுப் பள்ளி மாணவர் ஒருவர் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். அதை வைத்துக் கட்டிய செயலி அது. 2023 டிசம்பர் 5 அன்று வந்தது. 8ஆம் தேதியே ஆப்பிள் கதவைச் சாத்திவிட்டது. போலிச் சான்றுகளைக் காட்டி நுழைகிறார்கள், எங்கள் பயனர்களைக் காக்கிறோம் என்றது. பீப்பர் வேறு வழி பார்த்தது, அதையும் அடைத்தார்கள். மாதம் முடிவதற்குள் பீப்பர் கையைத் தூக்கிவிட்டது.

எனக்கு இது பழைய கதை. திருச்சியில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலத்தில், ஒரே ஆள் மூன்று மெசஞ்சரைத் திறந்துவைத்துக்கொண்டு ஜன்னல் மாற்றி மாற்றி அரட்டையடிப்பார். பெங்களூர் நண்பர் ஒன்றில், துபாய் மச்சான் இன்னொன்றில். மணிக்கணக்குக் கட்டணம் என்பதால் எனக்கு லாபம்தான், அது வேறு விஷயம்.

1999 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்என் மெசஞ்சரை வெளியிட்டது. ஏஓஎல் பாஸ்வேர்டைக் கொடுத்தால், அப்போதைய பெரிய அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல்லின் மெசஞ்சரில் இருக்கும் நண்பர்களுடனும் அதிலிருந்தே பேசலாம். ஏஓஎல் விடுமா? அடைத்தது. மைக்ரோசாஃப்ட் திறந்தது. மறுபடி அடைத்தது. இப்படியே பல சுற்று. கடைசியில் ஏஓஎல் எடுத்த ஆயுதத்தைக் கேளுங்கள்: தன் சொந்த மென்பொருளில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையையே சோதனைச் சாவடி ஆக்கிக்கொண்டது. சர்வர் அந்த ஓட்டை வழியாக ஒரு துண்டு நிரலை அனுப்பும். அசல் ஏஓஎல் மென்பொருள் அதை இயக்கி, சரியான பதிலைத் திருப்பி அனுப்பும். எம்எஸ்என்னில் அந்த ஓட்டை இல்லையே, அதனால் மாட்டிக்கொள்ளும். பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே, வாடிக்கையாளர் கணினியில் இருந்த ஓட்டையை மூடாமல் பயன்படுத்தினார்கள்! மைக்ரோசாஃப்டும் அதோடு விட்டுவிட்டது.

இதனால்தான் 'பயனரைக் காக்கிறோம்' என்று யார் சொன்னாலும் நான் பாதிதான் நம்புவேன். அந்தப் பாதியும் பொய்யில்லை. ஏஓஎல் பாஸ்வேர்டை எம்எஸ்என்னில் போய்த் தட்டுவது ஆபத்துதான். மீதிப் பாதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது: பச்சையைப் பார்த்துக் கேலி செய்கிற பேத்தி, நாளைக்கு ஆண்ட்ராய்டு வாங்குவாளா?

சரி, இப்போது செய்யக்கூடியது: 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 வந்தபோது எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ் மெசேஜ் முறையை ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. மகன் போனில் மெசேஜஸ் செட்டிங்ஸில் அதை இயக்கச் சொல்லுங்கள். உங்கள் கூகுள் மெசேஜஸிலும் அது இயங்க வேண்டும். படங்கள் மங்காமல் போகும், நீங்கள் தட்டச்சு செய்வதும் அவர்களுக்குத் தெரியும். குமிழி மட்டும் அப்போதும் பச்சைதான். பேத்தி விடமாட்டாள்.