குடும்ப ஜெபம் சண்டையில் முடிகிறது, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளைகள். பெரியவனுக்கு 13 வயது, மகளுக்கு 7, கடைக்குட்டிக்கு இப்போதுதான் 10 மாதம். பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். தினமும் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். பாட்டு, வேதவாசிப்பு, அத்தையின் ஜெபம் எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆகிவிடும். குழந்தை அழுகிறது, மகள் தூங்கி விழுகிறாள், பெரியவன் "தினமும் எதுக்கும்மா இது?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நான் அவனை அதட்ட, அத்தை என்னைக் குறை சொல்ல, ஜெபம் சண்டையில் முடிகிறது. கணவர் வேலை முடிந்து வர ஒன்பதரை ஆகும். நான் தனியாக வேதம் வாசித்துப் பல மாதம் ஆகிவிட்டது. ஞாயிறு ஆராதனையில் குழந்தையோடு வராந்தாவில்தான் நிற்கிறேன். நல்ல கிறிஸ்தவத் தாயாக நான் இல்லை என்ற எண்ணம் என்னை விடுவதே இல்லை. இப்போதெல்லாம் காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?
- தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்தே தொடங்குகிறேன். காரணமில்லாத அழுகை, குழந்தை தூங்கும்போதும் வராத தூக்கம், "நான் நல்ல தாய் இல்லை" என்று ஓயாமல் வரும் எண்ணம் ஆகிய மூன்றும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு முதல் சில வாரங்களில்தான் வரும் என்றில்லை, குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே மாதிரி ஆளை முடக்கிப்போடும். அதனால் இந்த வாரமே போய் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், தூக்கத்தைப் பற்றியும் அழுகையைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண் இருக்கிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி, உபவாசம் போட்டு ஜெபி" என்று யாராவது சொல்லக்கூடும். பால் கொடுக்கிற, தூக்கமில்லாத தாய்க்கு உபவாசம் வேண்டாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "போதும் ஆண்டவரே" என்று சாகக் கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த தீர்க்கதரிசி எலியாவிடம் வந்த தேவதூதன், எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கினான். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

சரி, இனி குடும்ப ஜெபத்துக்கு வருவோம்.

பிரச்சினையில் பாதி நேரத்தால் வருவது. இரவு எட்டரைக்கு ஏழு வயதுப் பிள்ளை தூங்கி விழத்தான் செய்வாள். பத்து மாதக் குழந்தை அழத்தான் செய்யும். சாப்பாட்டுக்கு முன்னால், ஏழேகால் வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். கீர்த்தனையில் ஒரு சரணம், எட்டு வசனம், ஆளுக்கு ஒரு நன்றியும் ஒரு விண்ணப்பமும், பிறகு கர்த்தருடைய ஜெபம். அவ்வளவு போதும். அதிக வார்த்தைகளால் கேட்கப்படுவோம் என்று நினைக்க வேண்டாம் என்று மத்தேயு 6-இல் சொன்னவர் ஆண்டவர்தான், அதனால் நேரத்தைக் குறைத்ததற்காக மனசு உறுத்த வேண்டியதில்லை. மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். அதில் சம்பவங்கள் வேகமாக நகரும், பிள்ளைகள் கேட்பார்கள். மொத்தம் 678 வசனங்கள். நாளுக்கு எட்டு என்று போனால் மூன்று மாதத்துக்குள் ஒரு சுவிசேஷம் முழுவதும் முடிந்துவிடும். பழைய மொழிபெயர்ப்பு மகளுக்குக் கடினமாக இருந்தால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு போல எளிய தமிழில் உள்ள ஒன்றை வாசிக்கக் கொடுங்கள். மனப்பாடத்துக்கு மட்டும் அத்தைக்குப் பழகிய பழைய மொழிபெயர்ப்பே இருக்கட்டும். 23-ஆம் சங்கீதத்தைப் பாட்டியும் பேத்தியும் ஒரே வார்த்தைகளில் சொல்வது நல்லது.

அப்புறம், எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் சொல்லும் ஒன்று உண்டு. ஜெபத்தில் பிள்ளையைத் திட்டாதீர்கள். "ஆண்டவரே, இவன் எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்கான், கணக்குல நாப்பது மார்க் வாங்கிட்டு வந்திருக்கான், இவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்று ஜெபிக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் பதில் பேசவும் வழியில்லை, எழுந்து போகவும் வழியில்லை. கடவுளிடம் தன்னைப் பற்றிப் புகார் போகிறது என்றுதான் அவனுக்குப் படும். அப்படிப்பட்ட ஜெபத்துக்குத் தினமும் எதற்கு வர வேண்டும் என்று அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் சோர்ந்துபோகும்படி அவர்களைக் கோபப்படுத்த வேண்டாம் என்று கொலோசெயர் 3:21 சொல்வதை இந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்தே வாசியுங்கள். மார்க்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் காலையில் காபி குடிக்கும்போது நேரே பேசுங்கள். ஜெபத்தில் அவன் பெயர் வரும்போது அவனுக்காக ஒரு நன்றி மட்டும் வரட்டும். "இன்னைக்கு தம்பியைத் தூக்கி வச்சுக்கிட்டான், அதுக்காக ஸ்தோத்திரம்" என்று ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள்.

பெரியவனை வாய்விட்டு ஜெபிக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம். பத்து நிமிடம் வந்து உட்காருவது வீட்டுப் பழக்கம், அதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். வேதபகுதியைத் தேர்ந்தெடுத்து வாசிக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். போன்கள் எல்லாம், உங்களுடையது உட்பட, அந்த நேரம் வேறு அறையில் இருக்கட்டும். போனில் வேதாகமம் வைத்திருக்கிறேன் என்பவர்களும் அச்சிட்ட வேதாகமத்தை எடுத்துக்கொள்ளட்டும். "எதுக்கும்மா?" என்ற கேள்வியைத் திமிர் என்று தள்ளாமல், பின்னால் வேறு கேள்வி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் இருக்கும். "நாம ஜெபிச்சும் ஏன் நடக்கல?" என்பது அதில் அடிக்கடி வருவது. அதற்குத் தெரியாத பதிலைத் தெரிந்த மாதிரி சொல்ல வேண்டாம். 88-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். தொடக்கம் முதல் கடைசி வரை அழுகைதான், முடிவிலும் இருள்தான். அப்படிப்பட்ட ஜெபத்தையும் வேதம் தன்னுள் வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அவன் உங்களிடம் இன்னும் மனம் திறப்பான். இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் சபையின் முழு அங்கத்தினராகச் சேர்க்கும் திடப்படுத்தலுக்கான வகுப்புக்குப் போவான். அங்கே படித்து ஒப்பிப்பதற்கு முன்னால் வீட்டில் கேள்வி கேட்டுப் பழகியிருப்பது அவனுக்குப் பெரிய உதவி.

ஆனால் எல்லாரும் கூடியிருக்கும்போது அவன் இதையெல்லாம் பேசமாட்டான். அதற்குத் தனியாக நேரம் வேண்டும். ஒரு பழைய செய்தியை இங்கே சொல்கிறேன், நம் ஊரோடு தொடர்புள்ளது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தார் அல்லவா, அவரும் கூட வந்த புளூட்சோவும் செய்த ஊழியத்தின் செய்திகள் இங்கிலாந்தில் ஆங்கிலத்தில் வெளியாயின. எப்வொர்த் என்ற சிற்றூரில் ஒரு போதகரின் மனைவி, சூசன்னா வெஸ்லி, தன் கணவரின் அறையில் மகள் கண்டெடுத்த அந்தப் புத்தகத்தைப் படித்தார். கணவர் லண்டன் போயிருந்த நேரம். 19 பிள்ளைகளைப் பெற்று 10 பேரை மட்டுமே வளர்த்தெடுக்க முடிந்த தாய் அவர். வீட்டில் கடன் வேறு. எங்கோ தரங்கம்பாடியில் இரண்டு பேர் இவ்வளவு செய்கிறார்களே, நான் என் பிள்ளைகளிலிருந்து தொடங்குகிறேன் என்று முடிவு செய்து, ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார். 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். வியாழக்கிழமை ஜானுடைய நாள். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிதான் அந்தப் பையன். ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சத்தைத் தனக்கு மறுபடி ஒதுக்கச் சொல்லித் தாய்க்கு எழுதினார்.

சூசன்னா போலக் கண்டிப்பாக அட்டவணை போட்டு நடத்த உங்களால் இப்போது முடியாது, முயலவும் வேண்டாம். அவருடைய வளர்ப்பு முறையில் பல விஷயங்களை இன்று நான் யாருக்கும் சிபாரிசு செய்யவும் மாட்டேன். சின்னப் பிள்ளைகளை அடிக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழக்கியது அதில் ஒன்று. ஆனால் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு வேளை என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் பெரியவனை மட்டும் கூட்டிப்போங்கள். மகளுக்குத் தலை பின்னிவிடும் நேரம் அவளுடையது. உபாகமம் 6:7-இல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரங்களாக வீட்டில் உட்கார்ந்திருப்பது, வழியில் நடப்பது, படுப்பது, எழுந்திருப்பது என்று வரிசையாக வருகின்றன. எல்லாம் ஏற்கெனவே உங்கள் வீட்டில் நடப்பவைதான்.

அத்தையைப் பற்றி எழுதும்போது எனக்கு அவர்கள் பக்கமும் மனசு போகிறது. அந்த முக்கால் மணி நேரம் அவர்களுக்கு உயிர்மூச்சு. அதை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. ஏழேகாலுக்குப் பத்து நிமிடம் எல்லாரும், எட்டரைக்கு அத்தை தன் விருப்பம்போல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், விரும்பினால் கூட யார் உட்கார்ந்தாலும் சந்தோஷம் என்று பிரித்துக்கொள்ளலாம். இதை நீங்கள் சொல்லாமல் உங்கள் கணவர் தன் அம்மாவிடம் சொல்வதுதான் சரி. மருமகள் சொன்னால் ஜெபத்தை வெட்டப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும். அதோடு, வாரத்தில் ஒருநாள் வேதவாசிப்பு முடிந்ததும் அத்தை ஒரு கதை சொல்லட்டும். அவர்கள் ஊர்க் கோயில் எப்படி வந்தது, அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, எத்தனை பானை வைத்தார்கள், கஷ்ட காலத்தில் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்பதையெல்லாம். தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளின் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார், அம்மா ஐனிக்கேயாள் அடுத்துத்தான் வருகிறாள். பாட்டி இருக்கும் வீட்டில் தாய் தனியாளாகச் சுமக்க வேண்டியதில்லை.

கணவர் ஒன்பதரைக்கு வருவதால் அவருக்கு இதில் பங்கில்லை என்று ஆகிவிடாது. வந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற எண்ணாகமம் 6-இன் ஆசீர்வாதத்தைச் சொல்லட்டும். தூங்கிவிட்ட பிள்ளைக்கும் சொல்லலாம், அரை நிமிட வேலை. அதன் பிறகு குழந்தையை அவர் வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் போய்ப் படுங்கள். இதை ஆண்கள் செய்வது கௌரவக் குறைவு என்று வீட்டில் யாராவது நினைத்தால், 1522-இல் திருமண வாழ்க்கை பற்றி மார்ட்டின் லுத்தர் எழுதியதைச் சொல்லலாம். விசுவாசத்தோடு குழந்தையின் துணியை அலசும் தகப்பனைப் பார்த்து ஊர் சிரித்தாலும், கடவுளும் தூதர்களும் மகிழ்ச்சியால் புன்னகைக்கிறார்கள் என்று அவர் எழுதினார்.

உங்கள் சொந்த வேதவாசிப்புக்கு இப்போதைக்கு இலக்கு எதுவும் வைக்காதீர்கள். ஒரு வருடத்தில் வேதம் முழுவதும் வாசிக்கும் திட்டம் இந்த வருடம் உங்களுக்கில்லை. ராத்திரி பால் கொடுக்கும்போது 121-ஆம் சங்கீதம் ஒன்று போதும், எட்டு வசனம்தான், உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். காக்கிறவர் உறங்குவதில்லை என்பதைத் தூக்கம் வராத ஒருத்தி சொல்லும்போது அது வேறு மாதிரி கேட்கும். சமைக்கும்போது வேத வாசிப்பின் ஒலிப்பதிவைப் போட்டுவிடுங்கள். பாதி காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை.

வராந்தா விஷயத்தில் 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் வரும் அன்னாளைப் பாருங்கள். சாமுவேலைப் பெற்ற பிறகு, குடும்பம் முழுவதும் வருஷாந்தரப் பலிக்குச் சீலோவுக்குப் போனபோது அவள் போகவில்லை. பிள்ளை பால் மறக்கட்டும், பிறகு வருகிறேன் என்றாள். கணவன் எல்க்கானா "உன் இஷ்டப்படி செய்" என்றான். கர்த்தரும் அவளைக் கடிந்துகொண்டதாக அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. ஆகவே வராந்தாவில் நின்ற ஞாயிறுகளைக் கணக்குப் பார்த்து வருந்த வேண்டாம். செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் கோயிலில் இரண்டு ஆராதனை நடந்தால் நீங்கள் ஒன்றுக்கும் கணவர் ஒன்றுக்கும் போகலாம், குழந்தை வீட்டில் மற்றவரிடம் இருக்கட்டும். ஒன்றுதான் என்றால் பிரசங்கம் வரை ஒருவர், அதன்பின் மற்றவர் என்று குழந்தையை மாற்றிக்கொள்ளுங்கள். திருவிருந்து ஞாயிறுகளில் நீங்கள் உள்ளே இருக்கும்படி முறையை வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டே பந்திக்குப் போவதில் தடையில்லை. வராந்தாவில் ஒரு ஸ்பீக்கரும் நான்கு நாற்காலியும் போடச் சொல்லிப் போதகர் ஐயாவிடம் கேளுங்கள். கைக்குழந்தையோடு நிற்கும் மற்றத் தாய்மார்களையும் சேர்த்துக்கொண்டு பெண்கள் ஐக்கிய சங்கம் வழியாகக் கேட்டால் வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் டாக்டரைப் பார்ப்பதும், கணவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் மட்டும். ஜெப நேரத்தை மாற்றுவது அடுத்த வாரம்.