வடசேரியும் நீல இல்லமும்

அன்பின் ஐயா,

தை பிறந்தால் எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில், பிள்ளைகளை ‘இல்லம்’ என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டி ஆரவாரம். என் மகன் ஏழாம் ஆண்டு. அவனுக்கும் அவன் அக்காவுக்கும் வேறு வேறு இல்லம். வீட்டில் தினமும் சண்டை. வெள்ளைக்காரன் விட்டுப்போன இந்த முறை பிள்ளைகளைப் பிரிக்கத்தானே செய்கிறது? இருவரையும் ஒரே இல்லத்தில் போடும்படி அதிபரிடம் கேட்கலாமா?

ஒரு தாய், தம்பிலுவில்

அன்பின் தங்கச்சி,

கேளுங்கள். மறுத்தாலும் குடி முழுகாது. மாசி முடிய சண்டையும் முடியும்.

ஆனால் ‘வெள்ளைக்காரன் விட்டுப்போனது’ என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் படுத்தெழும்பிய வீடுதான் ‘ஹவுஸ்’. பெயர் அங்கிருந்து வந்தது, சரி. ஊரை இரண்டாக்கி மோதவிட நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணகை அம்மன் குடியிருக்கும் ஊரில் இருந்துகொண்டு அம்மனுக்காக ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து ஆடும் கொம்புமுறி விளையாட்டை மறக்கலாமா? வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு மரக் கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி, ஊரே நின்று இழுக்கும். கொம்பு முறிந்த பக்கத்தை மற்றப் பக்கம் பாட்டாலேயே கிழிக்கும். இத்தனையும் எதற்கு? மழை பெய்ய, நோய் போக. பெய்கிற மழை வடசேரி வளவு, தென்சேரி வளவு பார்த்தா பெய்யும்?

1979இல் நான் ஆறாம் ஆண்டு. நீல இல்லம். அந்த வருடமும் அடுத்த நான்கு வருடமும் நாங்கள்தான் கடைசி. பெரிய வகுப்பு அண்ணன்மாரைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடப்போம். இல்லக் கொட்டிலைச் சோடிக்கத் தென்னோலைக் கிடுகு சுமந்த ஒரு பின்னேரம், என் தோள் கீறிக்கிடந்ததை அந்த அண்ணன்மாரில் ஒருவர் கண்டார். தன் சேட்டைக் கழற்றி, மடித்து, கிடுகுக்கு அடியில் வைத்தார். “உன்ட பேரென்ன?” என்று கேட்டார். மறுநாள் முற்றத்தில், அத்தனை பேருக்கு முன்னால், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்குப் பிறகு கணக்கு விளங்காவிட்டால் போய் நிற்க எனக்கு ஒரு வாசல் இருந்தது. எங்கள் இல்லம் எடுத்த புள்ளி ஒன்றுகூட ஞாபகமில்லை.

அதிபரிடம் போவதென்றால் இதைக் கேளுங்கள்: கேடயம் கொடுத்ததும் இல்லம் ஏன் செத்துப்போகிறது? விபுலானந்தர் இல்லம் என்று எழுதிய கொடி மிச்சப் பத்து மாதமும் அலுமாரிக்குள் கிடக்கிறது. தமிழ்த்தினப் போட்டி வருகிறது, சிரமதானம் வருகிறது, கார்த்திகை மார்கழியில் வெள்ளம் வருகிறது. அப்போதெல்லாம் இல்லத் தலைவர் எங்கே? ஆறாம் ஆண்டுப் பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் முதலில் தேட வேண்டியது அவரல்லவா? ஓட்டப்போட்டிக்கு நிமிடத்துக்கு நிமிடம் புள்ளிப் பலகை எழுதுகிறவர்களுக்கு வரவு இடாப்பைத் திறந்து பார்க்கத் தெரியாதா? பொறுப்பாசிரியருக்கு நேரமில்லை என்பார்கள். சோடனைக்கு இரவிரவாக நேரம் இருந்ததே!

 

மகன் எந்த இல்லம் என்று எழுதவேயில்லை. நீலமென்றால் சொல்லுங்கள், சோடனை அன்று வருகிறேன்.