யானை விரட்டும் வெடிக்கே பதறுகிறாள் அக்கா

கேள்வி: அக்கா சி.ஆர்.பி.எஃப்.பில் பதினோரு வருஷம் இருந்தாள். காஷ்மீரிலிருந்து வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து ஆறு மாதமாகிறது. ராகிக் காட்டில் யானை விரட்ட வெடி போட்டால் சுவரோடு ஒண்டிக்கொள்கிறாள். ராத்திரி நாலு தடவை எழுந்து தாழ்ப்பாளைப் பார்க்கிறாள். பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவாள். கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. என்ன செய்வது?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: அன்புத் தங்கைக்கு, முதலில் மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் ஒவ்வொரு சத்தத்துக்கும் காதைத் தீட்டி, ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தே உயிரோடு இருந்த உடம்பு, ஊருக்கு வந்த பிறகும் அந்தக் காவலை இறக்கிவைக்கத் தெரியாமல் தவிக்கிறது. கடைசி சீட்டும் அதற்குத்தான், முதுகுக்குப் பின்னால் ஆள் இருக்கக் கூடாது. பி.டி.எஸ்.டி. என்பார்கள், அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய், 1980-லேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் பெண்ணுக்கு வந்தால் யாரும் கவனிப்பதில்லை. வியட்நாமுக்குப் போன சுமார் 11,000 அமெரிக்கப் பெண்களில் பெரும்பாலோர் நர்சுகள், போர் 1975-ல் முடிந்தும் வாஷிங்டனில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் வந்தது 1993-ல்தான்.

இங்கே மட்டும் என்ன, மிலிட்டரிக்காரர் திண்ணையில் தூங்காமல் கிடந்தால் 'பாவம், எல்லையில் இருந்தவர்' என்கிறோம், அதையே ஒரு பெண் செய்தால் திமிர் என்கிறோம். சி.ஆர்.பி.எஃப். பெண்கள் பட்டாலியன் தொடங்கியது 1986-ல், இத்தனை வருஷம் கழித்தும் இப்படிப் பேசுவது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சரி, 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அக்கா மறுத்தால் முதலில் நீங்கள் பேசுங்கள். அப்புறம் ஓசூரிலிருந்து பெங்களூர் பஸ் ஏறினால் ஓசூர் ரோட்டிலேயே நிமான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, நடந்ததைப் பேசிப் பேசியே மெல்ல இறக்கிவைக்கிற சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சாவு பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அன்றைக்கே கூட்டிப் போய்விடுங்கள்.

வெடி போடும் முன் ஒரு போன் செய்யும்படி பக்கத்துக் காட்டுக்காரரிடம் சொல்லி வையுங்கள், சத்தம் வருமென்று தெரிந்திருந்தாலே பதற்றம் கொஞ்சம் அடங்கும். தூங்கும்போது தொட்டு எழுப்ப வேண்டாம், வாசலில் நின்று கூப்பிடுங்கள். எத்தனை பேரைச் சுட்டாய் என்று எந்த மாமாவும் கேட்க விடாதீர்கள். இன்று ராத்திரி அவள் தாழ்ப்பாளைப் பார்க்க எழுந்தால், 'நானும் முழிச்சுத்தான் இருக்கேன் அக்கா' என்று மட்டும் சொல்லுங்கள்.