தங்கச்சிக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது, கட்டண விலக்குக்கு எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். நான் மேசன் வேலை செய்கிறேன். பல்கலைக்கழகக் கட்டணத்தில் விலக்கு எடுக்க எந்தப் படிவம் நிரப்ப வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதில்:

தம்பி, நீங்கள் தேடும் படிவம் இல்லை. இருக்கவேண்டிய தேவையும் இல்லை. இலங்கையில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளி (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கிற புள்ளி) பார்த்துத் தெரிவு செய்து அனுப்புகிற உள்வாரி மாணவரிடம் அரச பல்கலைக்கழகம் கற்பித்தல் கட்டணம் வாங்குவதில்லை. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறது. பதிகிற நேரத்தில் பதிவு, அடையாள அட்டை, நூலகம், மருத்துவப் பரிசோதனை என்று சில்லறைக் கட்டணங்கள் வரும். அவற்றுக்கு விலக்குக் கேட்டு அலைகிற பஸ் காசு அந்தக் கட்டணத்தைவிடக் கூட.

நீங்கள் கூகிளில் தமிழில் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு விடயம். முதல் பட்டதாரிச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து, அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 வீத ஒதுக்கீடு, எல்லாம் அந்த நாட்டுச் சட்டம். அங்கே கல்லூரி கட்டணம் வாங்குகிறது, அதனால் அரசு விலக்குக் கொடுக்கிறது. எங்களுக்குத் தாசில்தாரும் இல்லை, அந்தக் கட்டணமும் இல்லை. காணொளி பார்த்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் போய் 'முதல் பட்டதாரி சேர்ட்டிபிக்கற்' கேட்டால் அங்கிருப்பவர்கள் முழிப்பார்கள்.

'இலவசக் கல்வி என்று கதை விடாதே, மாதம் எவ்வளவு போகுது தெரியுமா' என்று கீழே எழுத ஆட்கள் வருவார்கள். தெரியும். அறை வாடகை, சாப்பாடு, பஸ், போட்டோக் கொப்பி, இந்தக் காலத்தில் மடிக்கணினி. வன்னிப் பிள்ளைகள் படிப்பை இடையில் விடுவதும் இந்தச் செலவால்தான். ஆகவே நீங்கள் ஓடவேண்டியது மகாபொல, பேர்சரி என்ற இரண்டு மாணவர் உதவித்தொகைகளுக்கும்.

மகாபொல 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கை நிதியம். பெறுபேற்றுத் திறமைக்கு ஒரு பகுதி, குடும்ப வருமானத்துக்கு ஒரு பகுதி என்று கொடுக்கிறது. அதில் பெயர் வராதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது பேர்சரி. அதைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவு பார்க்கும். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பேர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே தாள்: வருமானச் சான்றிதழ். அதில் பிழை விட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

அந்தச் சான்றிதழை விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்க வேண்டும். உங்களுக்குப் புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகம். விதானையார் கந்தோரில் இருக்கிற நாளை முதலே கேட்டுக்கொண்டு போங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் வருமானம் அவருடையது. அம்மாவின் அடையாள அட்டை, குடும்ப அட்டை, தெரிவுக் கடிதம், அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கிறதென்றால் அதன் விபரம், எல்லாவற்றிலும் போட்டோக் கொப்பி. அஸ்வெசும இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லை, ஆகவே மகாபொலவும் இல்லை என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பிப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கூட்டுத்தொகையில்தான் அதிகம் சறுக்குகிறது. மாத வருமானம் 15,000 என்று எழுதிவிட்டு ஆண்டு வருமானம் 1,50,000 என்று போட்டிருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 1,80,000 வரவேண்டும். இலக்கத்தில் ஒன்று, எழுத்தில் இன்னொன்று. டிப்பெக்ஸ் பூசி மேலே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லை. இப்படியான தாள் திரும்பி வரும், அல்லது வராமலே ஒரு மூலையில் கிடக்கும். கந்தோரை விட்டு இறங்குமுன் வாசலிலேயே நின்று கைத்தொலைபேசியில் பெருக்கிப் பாருங்கள். முத்திரை திகதியோடு தெளிவாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது மொத்த வருமானம் என்ற பிரச்சினை. வயல் செய்கிற குடும்பங்களுக்கு இது பெரிய தலையிடி. படிவம் கேட்பது மொத்த வருமானம் என்றால், பசளை, கிருமிநாசினி, உழவுகூலி, வெட்டுகூலி கழிக்காத தொகை. கையில் மிஞ்சியதை எழுதிவிட்டு, விதானையார் ஏக்கரைப் பார்த்து வேறு தொகை போட, இரண்டும் முட்டும். காலபோகம் மட்டும் செய்கிறீர்களா, சிறுபோகத்துக்கும் தண்ணீர் வருகிறதா என்பதை அவருக்குச் சொல்லுங்கள். மானாவாரிக் காணியைக் குளத்துத் தண்ணீர்க் காணி மாதிரி இரண்டு போகக் கணக்கில் போட்டால் வருமானம் தாளில் இரட்டிப்பாகும். காணியைக் குத்தகைக்குக் கொடுத்திருந்தால் உங்கள் வருமானம் குத்தகைக் காசு மட்டும், விளைச்சல் அல்ல. பேர்மிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) அப்பாவின் பெயரில் இன்னும் மாற்றாமல் கிடந்தாலும் அதைச் சொல்லுங்கள். காணி இருப்பது வேறு, அதிலிருந்து வருமானம் வருவது வேறு.

வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று யாரும் இதைத் திருப்பவேண்டாம். பொய்த் தகவல் கொடுத்துப் பிடிபட்டால் கொடுப்பனவு நிற்கும், வாங்கியதைத் திருப்பிக் கேட்பார்கள். நான் சொல்வது, உள்ளதைவிடக் கூட எழுதப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. வன்னியில் வெட்கத்தால் கூட்டிச் சொல்கிற அம்மாமார்தான் அதிகம். 'ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்லுறது' என்று நினைத்து, கோழி வளர்த்து, இடியப்பம் அவித்து வருகிற காசை மாதம் 40,000 என்று சொல்லிவிடுவார்கள். விதானையார் அதை அப்படியே எழுதுவார்.

உங்கள் மேசன் கூலியை என்ன செய்வது? படிவம் தாய் தகப்பனின் வருமானத்தைக் கேட்கிறது. அம்மா உயிரோடு இருக்கும்போது பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். போட்டால் உங்கள் வருமானத்துக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தமையன் பொறுப்பாகத்தான் இருக்கிறேன் என்ற எண்ணத்தில் பல பேர் அங்கே தங்கள் பெயரை எழுதிவிடுகிறார்கள். படிக்கிற தம்பி தங்கச்சிமார் வேறு இருந்தால் அவர்களுடைய பாடசாலை அதிபரின் கடிதத்தையும் எடுத்து வையுங்கள், உடன்பிறந்தோர் விபரத்துக்கு அது உதவும்.

இனி, நீங்கள் 'அப்பா இல்லை' என்று இரண்டு சொல்லில் எழுதியது. இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழின் பிரதியோடு விடயம் முடிந்தது. போரின்போது காணாமற் போனவர் என்றால் கவனமாக இருங்கள். 'மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் படிவம் எடுக்க ஏலாது' என்று கவுண்டரில் ஒருவர் சொல்லலாம். காணாமற் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது உண்மை. ஆனால் தேடிக்கொண்டிருக்கிற குடும்பத்தை அதை எடு என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அந்தச் சட்டத்துக்கு 2016இல் 16ஆம் இலக்கத் திருத்தம் வந்தது. காணாமற் போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று அதன்படி எடுக்கலாம். ஆள் இறந்துவிட்டார் என்று அது சொல்லாது, காணவில்லை என்றுதான் சொல்லும். நலன்புரி உதவிகளுக்கு விண்ணப்பிக்க அது செல்லும். பிரதேச செயலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கிற பிரிவில் விசாரியுங்கள். அதற்கு நாள் எடுக்கும், பல்கலைக்கழகத் திகதி அதற்காகக் காத்திருக்காது. ஆகவே அதுவரைக்கும், தாய் தலைமை தாங்கும் குடும்பம், தகப்பன் இன்ன காலத்திலிருந்து காணாமற் போனவர் என்று விதானையாரிடம் ஒரு கடிதம் எடுத்து, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இருந்தால் அதையும் சேர்த்து, மாணவர் விவகாரப் பிரிவில் முன்கூட்டியே காட்டுங்கள். படிவத்தில் தகப்பன் வருமானம் என்ற கோட்டை வெறுமையாக விடாமல் 'இல்லை' என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால் நிரப்ப மறந்த படிவம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் வித்தியாசமும் இப்படித்தான் கழுத்தை அறுக்கும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு, உயர்தரப் பெறுபேற்றில் இன்னொன்று. இடம்பெயர்ந்த காலத்தில் தொலைந்து மறுபடி எடுத்த சான்றிதழ்களில் ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறியிருப்பது சாதாரணம். சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். வங்கிப் புத்தகத்திலும் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் இருக்கவேண்டும். பல்கலைக்கழகம் எந்த வங்கி என்று சொல்கிறதோ அதில், தங்கச்சியின் தனிப் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். அம்மாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம்.

வருமானச் சான்றிதழில் ஒன்றுக்கு மேற்பட்ட மூலப்பிரதி கேட்டு வாங்குங்கள். மகாபொலவுக்குக் கொடுத்தது திரும்பி வராது. பேர்சரிக்கும் விடுதிக்கும் மறுபடி கேட்பார்கள், அப்போது தங்கச்சி வகுப்பை விட்டுவிட்டுப் புதுக்குடியிருப்புக்கு ஓடி வரவேண்டியிருக்கும்.

காசு எப்போது வரும் என்று கேட்டால், படிப்புத் தொடங்கிய மாதமே வராது. பட்டியல் வெளிவந்து முதல் தவணை விழ மாதக்கணக்கில் போகும். அந்த இடைவெளிக்குக் காசை இப்போதே ஒழுங்குபண்ணுங்கள். வந்த பிறகும் அது சம்பளம் மாதிரி திகதி தவறாமல் வராது. வருகை 80 வீதத்துக்குக் கீழே போனால் நிற்கும். சுகவீனம் என்றால் மருத்துவச் சான்றிதழை அந்தந்த நேரத்திலேயே கொடுக்க வேண்டும், தவணை முடிவில் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதில் பயன் இல்லை.

அந்த இடைவெளிக்குப் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்களும் உதவுவது உண்மை. நல்ல மனிசர் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் விட ஏலாது. மூன்று மாதத்துக்குப் பத்தாயிரம் கொடுக்கிறார்கள். அதற்கு ஒரு பதாகை, ஒரு பெரிய அட்டைக் காசோலை, நடுவில் தலை குனிந்து நிற்கிற பிள்ளை. அன்றிரவே பேஸ்புக்கில் பெயர், ஊர், 'தந்தையை இழந்த' என்ற தலைப்பு. அந்தப் படம் பிள்ளையின் வகுப்பு முழுக்கச் சுற்றிய பிறகு நாலாவது மாதம் காசு நிற்கும், படம் நிற்காது. உதவி செய்பவர்களைக் குறை சொல்கிறேன் என்று கோபிப்பவர்கள் கோபியுங்கள். வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். யாராவது முன்வந்தால் எத்தனை மாதம், எந்தக் கணக்கு, படம் எடுப்பதா இல்லையா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

உண்மையிலேயே கட்டணம் வாங்குகிற இடங்கள் வேறு: திறந்த பல்கலைக்கழகம், வெளிவாரிப் பட்டங்கள், உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் வார இறுதி வகுப்புகள், முதுகலை. முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கட்டணம் இல்லை. அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு 2017இலிருந்து வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. அது அரசு அங்கீகரித்த தனியார் நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு மட்டும், படித்து முடித்துத் திருப்பிக் கட்டவேண்டிய கடன். தங்கச்சிக்கு இவை ஒன்றும் தேவையில்லை. இடைத்தரகர் யாராவது 'கட்டண விலக்கு எடுத்துத் தருகிறேன்' என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், எந்தப் பீடம் என்று நீங்கள் எழுதவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்றாலும் விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் மூன்றும் கிளிநொச்சி அறிவியல் நகரில். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பிரதான வளாகத்துக்குப் பக்கத்தில், அறைக்கு முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. அறிவியல் நகர் என்றால் ஏ-35 வீதியால் பரந்தனுக்கு வந்து அங்கிருந்து கிளிநொச்சிப் பக்கம் திரும்பவேண்டும். தினம் போய் வரலாம் போலத் தெரியும், ஆனால் மாலை ஆய்வுகூட வகுப்பு முடிய பஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விடுதி விண்ணப்பத்தைப் பதிகிற அன்றே கொடுங்கள், வீட்டுத் தூரத்தை விதானையார் கடிதத்தில் கிலோமீற்றரில் எழுதுவித்து.