பெர்மிட் இல்லாத பின்வீடு: சிட்டியிடம் போகும் முன்

கேள்வி: சான் ஹோசேயில் 2021-இல் வீடு வாங்கினோம். பின்னால் தனியாக நிற்கும் கராஜை, முன்பிருந்தவர் சமையலறை, குளியலறையோடு சின்ன வீடாக மாற்றியிருக்கிறார். பெர்மிட் இல்லை. ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சிட்டியிடம் போனால் இடிக்கச் சொல்வார்களா?

பதில்: பயப்படாமல் போகலாம், ஆனால் தயாராகிவிட்டுப் போங்கள். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஏபி 2533 சட்டப்படி, 2020 ஜனவரி 1-க்கு முன் கட்டிய ஏடியூ (ADU, அதாவது பெரிய வீடு இருக்கும் மனையிலேயே உள்ள துணை வீடு) கட்டட விதிகளுக்கோ உள்ளூர் ஏடியூ விதிகளுக்கோ பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் பெர்மிட்டை மறுக்க முடியாது. முன்பு இந்தக் கெடு 2018 ஆக இருந்தது. வேலியை ஒட்டி நிற்கிறதே என்ற கவலையை விடுங்கள். மாநில சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 17920.3 பிரிவு பட்டியலிடும், குடியிருப்பவர்களின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தான குறைகள்தான் குறுக்கே நிற்கும். இன்ஸ்பெக்டர் அப்படி ஏதாவது கண்டாலும், பெர்மிட் இல்லாமல் வைத்திருந்ததற்கு அபராதம் கிடையாது. சரிசெய்யத் தேவையான பெர்மிட்டைத் தந்தாக வேண்டும். அந்தப் பிரிவின்படி கட்டடமே தரக்குறைவானது (substandard) என்றாகிவிட்டால் மட்டும் இந்தச் சலுகை கிடைக்காது.

நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்பது கணக்கில்லை, எப்போது மாற்றிக் கட்டினார்கள் என்பதுதான் கணக்கு. வான்வழிப் படம் கராஜ் இருந்ததைக் காட்டும், உள்ளே அடுப்பு இருந்ததைக் காட்டாது. விற்றவர் வீட்டின் நிலையைச் சொல்லி எழுதித் தந்த டிஸ்க்ளோஷர், பழைய வாடகை ஒப்பந்தம், தேதியுள்ள காண்ட்ராக்டர் பில் ஆகியவற்றைத் தேடி எடுங்கள்.

அடுத்து, லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரை வைத்துத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன் இப்படி ரகசியமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. 17920.3 சரிபார்ப்புப் பட்டியலைச் சிட்டியே வெளியிட வேண்டும். அதை வாங்கி அவர் கையில் கொடுங்கள்.

பெரும்பாலும் மாட்டுவது படுக்கையறை ஜன்னல். தீப்பிடித்தால் ஆள் வெளியேற, தரைத்தளத்தில் 5 சதுர அடி திறப்பு வேண்டும். அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் 24, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. 20-க்கு 24 வைத்தால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 3.3 சதுர அடிதான் வரும். மூன்றடிக்கு மூன்றடி ஸ்லைடிங் ஜன்னல் பார்வைக்குப் பெரிது. பாதிதான் திறக்கும், ஜன்னலின் ஃபிரேமைக் கழித்தால் அகலம் 18 அங்குலத்துக்கும் குறைவு.

அடுத்து மாட்டுவது மின்சாரம். தனிக் கட்டடத்தின் சப்பேனலுக்கு (பெரிய வீட்டின் மின்பெட்டியிலிருந்து லைன் வரும் துணை மின்பெட்டி) நான்கு கம்பி வர வேண்டும்: இரண்டு ஹாட் (மின்சாரம் வரும் கம்பி), ஒரு நியூட்ரல், ஒரு கிரவுண்ட். பழைய கராஜ் லைனை நீட்டி, நியூட்ரலையும் கிரவுண்டையும் ஒரே பட்டையில் முடிந்திருப்பார்கள். நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்ட் அப்போது உலோகப் பாகங்கள் வழியாகவும் ஓடும். சப்பேனலின் மூடியைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எலெக்ட்ரீஷியன்தான் திறக்க வேண்டும்.

கராஜ் கதவு இருந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்திருப்பார்கள். அதன் அடியில் அஸ்திவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் வெறும் தளம்தான். பிளக்கில் செருகும் ஹீட்டரை வெப்ப வசதியாக ஏற்கமாட்டார்கள், சுவரில் பொருத்தும் மினி ஸ்ப்ளிட் (சூடும் குளிரும் தரும் ஏசி) போதும். வாட்டர் ஹீட்டருக்கு மேல் மூன்றிலொரு பங்கில் ஒன்றும் கீழ் மூன்றிலொரு பங்கில் ஒன்றுமாக நிலநடுக்கப் பட்டை வேண்டும். ஸ்மோக் அலாரம் படுக்கையறைக்குள்ளும் வெளியிலும்.

இதற்கெல்லாம் முன் பெயின்ட் அடித்து டைல்ஸ் போட்டுவிடாதீர்கள். பேனல் பக்கத்திலும் ஷவர் வால்வுக்குப் பின்னாலும் சுவரைத் திறந்து காட்டச் சொன்னால் அந்தக் காசு போயிற்று.

செலவில், பிளான் வரைய, பெர்மிட் வாங்கக் கட்டணம் உண்டு. இம்பாக்ட் கட்டணமும் (புதுக் கட்டடத்தால் பொது வசதிகளுக்கு வரும் சுமைக்காக வாங்குவது) புது இணைப்புக் கட்டணமும் பொதுவாகக் கிடையாது. பாதுகாப்புக்காகப் புதுக் குழாயோ லைனோ இழுக்க வேண்டியிருந்தால் மட்டும் வரலாம். சொத்து வரியில் பின்வீட்டின் மதிப்பு மட்டுமே கூடும், பெரிய வீட்டின் பழைய மதிப்பு அப்படியே இருக்கும்.

குடியிருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சோதிக்க உள்ளே போவதற்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் கொடுங்கள். குளியலறையைத் திறந்து வேலை நடக்கும் நாட்களில் அவர்கள் எங்கே இருப்பார்கள், அந்தச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.