அண்ணாச்சி பதில்கள்: வின்டர்ஃபெல் இருட்டு

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரின் எட்டாவது சீசனில், மூன்றாவது எபிசோடாக வரும் வின்டர்ஃபெல் போரை, அதாவது செத்தவர்களைப் படையாக எழுப்பி வரும் நைட் கிங்கை எதிர்த்து வின்டர்ஃபெல் கோட்டையில் ராத்திரி முழுக்க நடக்கும் சண்டையை, அருமையான போர் என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஒத்துக்கொண்டும் சண்டைக்கு வந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த வாரம் அதற்கே.

அண்ணாச்சி, பாதி நேரம் யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. அதைப் போய் அருமை என்கிறீர்களே?
*கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்*

தம்பி, எந்த நேரத்தில், எதில் பார்த்தீர்கள்? அமெரிக்காவில் 2019 ஏப்ரல் 28, ஞாயிறு இரவு ஒளிபரப்பானபோது நமக்குத் திங்கள் காலை ஆறரை மணி. அப்போதே ஹாட்ஸ்டாரிலும் வந்துவிட்டது. சித்திரை மாதம், பாளையங்கோட்டையில் அந்த நேரத்துக்கே ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று உள்ளே இறங்கிவிடும். என் மருமகன் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து, கைப்பேசியைச் சட்டைக்குள் மறைத்து மறைத்துப் பார்த்தான். சாயங்காலம் வந்து, "மாமா, வெறும் சத்தம்தான் கேட்டது" என்றான்.

நான் திருநெல்வேலியில் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன். கார்பன் குச்சிக் காலம் அது, இரண்டு குச்சிக்கு நடுவே எரிகிற வெளிச்சத்தில்தான் படம் ஓடும். எரிய எரிய இரண்டு குச்சிக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போகும். பக்கத்திலேயே நின்று திருகித் திருகிச் சரி பண்ண வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் திரை மங்கி மஞ்சளடித்துவிடும். பகல் சீனில் அது யார் கண்ணுக்கும் படாது. ராத்திரி சீன் என்றால் தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். எந்த ரீலில் ராத்திரி சீன் என்று முதல் காட்சியிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அந்த ரீலுக்குப் புதுக் குச்சியாகப் போடுவேன். மேட்னியில் யாராவது கதவுத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தால் போதும், அந்த ஒரு கீற்று வெளிச்சத்திலேயே சீன் செத்துவிடும். இருட்டைக் காட்டுவதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

இந்தப் போரை வட அயர்லாந்தில் 55 இரவுகள் எடுத்தார்கள். குற்றச்சாட்டு கிளம்பியதும் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், எடுத்தவன் நான், படம் இருட்டு இல்லை என்று எனக்குத் தெரியும் என்றார். டிவியைச் சரியாக வைக்காததும், இணையத்தில் அனுப்பும்போது படத்தைச் சுருக்குவதும்தான் காரணம் என்றார். சுருக்குவதைப் பற்றி அவர் சொன்னது உண்மை. கறுப்புக்குள் கருநீலம், அதற்குள் ஒரு சாம்பல் நிறம் என்று இருக்கிற நுணுக்கமெல்லாம் அதில் அடிபட்டு, கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஆனால் மற்றதில் நான் உங்கள் பக்கம். ஜனங்கள் வீட்டு டிவியில்தான் பார்க்கப் போகிறார்கள் என்பது அவருக்கு முன்னாலேயே தெரியும். அந்தத் திரைக்கும் சேர்த்துத்தான் ஒளி வைத்திருக்க வேண்டும்.

சரி, அந்த இருட்டு இல்லாமல், கோட்டையைக் காக்கிற பக்கத்துத் தோத்ராக்கிக் குதிரைப்படை எதிரியை நோக்கிப் போகிற காட்சியை நினைத்துப் பாருங்கள். மந்திரக்காரி மெலிசாண்ட்ரே மந்திரம் சொன்னதும் அத்தனை பேர் கத்தியிலும் தீப்பிடிக்கிறது. கூச்சல் போட்டுக்கொண்டு பாய்கிறார்கள். கேமரா அவர்களோடு கடைசி வரை போவதில்லை, கோட்டைப் பக்கமே நின்றுவிடுகிறது. தூரத்தில் தீப்புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. அப்புறம் சத்தமும் இல்லை. ஆளில்லாத குதிரைகள் சில திரும்பி வருகின்றன. எதிரியின் முகத்தைக் காட்டாமலேயே இவ்வளவு பயத்தைக் கொண்டுவந்த போர்க்காட்சி டிவியில் எனக்குத் தெரிந்து வேறு கிடையாது.

கவண் பொறிகளைக் காலாட்படைக்கு முன்னால் நிறுத்தி, அகழியைப் படைக்குப் பின்னால் வெட்டி, குதிரைப்படையைக் கண்காணாத இருட்டுக்குள் அனுப்புகிறார்கள். எந்தப் படையில் இப்படிச் செய்வார்கள்?
*ஓய்வு பெற்ற ராணுவ வீரர், கடையநல்லூர்*

எந்தப் படையிலும் செய்ய மாட்டார்கள் ஐயா. முழுக்கச் சரி. செத்தவர்களை எழுப்புகிற எதிரி வரும்போது பெண்களையும் பிள்ளைகளையும் கல்லறைக்குள் ஒளித்து வைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷம் பயமுறுத்திய நைட் கிங் ஒரே குத்தில் சில்லுச் சில்லாக உடைந்துவிட்டான். கொன்றதும் கதாநாயகன் ஜான் ஸ்னோ இல்லை, வின்டர்ஃபெல் வீட்டுப் பெண் ஆர்யா. ஏமாந்துபோனேன் அண்ணாச்சி.
*பள்ளி ஆசிரியை, வள்ளியூர்*

ஆர்யா கொன்றதில் எனக்குக் குறையே இல்லை டீச்சர். அந்தக் கத்தி, முதல் சீசனில் அவள் தம்பி பிரானைக் கொல்ல வந்தவன் கையில் இருந்தது. ஏழாவது சீசனில் பிரானே அதைத் தங்கச்சி... இல்லை, அக்கா ஆர்யாவிடம் கொடுக்கிறான், நைட் கிங் வந்து நிற்கிற அதே மரத்தடியில். நைட் கிங் அவள் கழுத்தைப் பிடித்துத் தூக்கியதும் இடது கையிலிருந்து கத்தியை நழுவவிட்டு வலது கையில் பிடித்துக் குத்துகிறாளே, அந்தக் கை மாற்றத்தை ஏழாவது சீசனில் பெண் வீராங்கனை பிரியென்னோடு பயிற்சி செய்யும்போதே காட்டிவிட்டார்கள்.

ஒரு நொடியில் செத்ததும் குறை இல்லை. உங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐவர் ராஜாக்கள் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். வள்ளியூரை ஆண்ட குலசேகர பாண்டியனைக் கன்னடியன் பிடித்துப் பல்லக்கில் கொண்டுபோகிறான். வழியிலேயே ராஜா வைரத்தை விழுங்கி உயிரை விட்டுவிடுகிறான். சாவு அவ்வளவு சுருக்கம்தான். ஆனால் அந்த ராஜாமேல் ஆசை வைத்த கன்னடியன் மகள் பிணத்துக்கே மாலையிட்டுத் தீயில் இறங்குகிற வரை பாட்டுக்காரர் நம்மை விடமாட்டார். போரை ஏன் தொடுத்தோம் என்று கன்னடியனே கலங்கி நிற்கிற இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவார்.

இங்கே அதுதான் இல்லை. 2011-இல் தொடரின் முதல் காட்சியே வடக்கே இருக்கிற பெரிய பனிச் சுவருக்கு அப்பால் காட்டில் வொயிட் வாக்கர்ஸ் என்கிற நைட் கிங்கின் கூட்டம் வருவதுதான். சிம்மாசனச் சண்டையெல்லாம் அற்பம், குளிர் வருகிறது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்கள். குளிர் வந்தது, ஒரே ராத்திரியில் போய்விட்டது. நாலாவது எபிசோடில் சிதை மூட்டுகிறார்கள், அன்று இரவே விருந்து, அப்புறம் மறுபடியும் சிம்மாசனம். நைட் கிங்குக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை. அந்தச் சுவரைக் காக்கிற நைட்ஸ் வாட்ச் படை இன்னும் இருக்கிறதா என்று ஜான் கேட்பதே கடைசி எபிசோடில்தான், அதுவும் ஒரு வரி. போர் முடிந்த மறுநாள் காலையிலேயே அவன் அதைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்த மனத்தாங்கல் வந்திருக்காது. போரை இயக்கிய மிகுவெல் சபோச்னிக் தன் வேலையைச் செய்துவிட்டார். எழுதியவர்கள்தான் கைவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

உங்களுக்குப் பிடித்த சாவு எது?
*கல்லூரி மாணவி, சங்கரன்கோவில்*

சின்ன வயதிலேயே தன் குடும்பத்துக்குத் தலைவியான லியானா மார்மண்ட், தாயி. அரக்கன் கையில் நெரிபட்டு எலும்பு நொறுங்குகிற நிலையிலும் அவன் கண்ணில் குத்துகிறாள். ஆறாவது சீசனில் ஒரே ஒரு காட்சிக்கென்று வந்த பிள்ளை அது. பெல்லா ராம்சே நடித்த விதத்தில் தொடரில் நிலைத்துவிட்டது. பிரானைக் காத்து நின்று செத்த தியோனைச் சொல்பவர்களோடும் நான் சண்டை போட மாட்டேன்.

அன்று பாதியில் நிறுத்திவிட்டேன். மறுபடி பார்க்கலாமா?
*மென்பொருள் பொறியாளர், தென்காசி*

கட்டாயம் பாருங்கள். 82 நிமிடம் ஓடும், ராத்திரி சாப்பிட்டு முடித்தபிறகு வையுங்கள். கைப்பேசி வேண்டாம், டிவி. ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள், தெருவிளக்கு உள்ளே அடித்தால் ஜன்னலில் ஒரு போர்வையைத் தொங்கவிடுங்கள். டிவியில் படத்தின் அமைப்பு 'விவிட்' என்று இருந்தால் 'சினிமா' என்று மாற்றுங்கள். காட்சியை வழவழப்பாக்குகிற மோஷன் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். முடிந்தால் முன்கூட்டியே உயர்ந்த தரத்தில் பதிவிறக்கி வையுங்கள், இருட்டு உடையாது. கடைசியில் இசையமைப்பாளர் ரமின் ஜவாதியின் பியானோ தொடங்கும்போது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.