இ.ஜி.ஆர். வால்வை எடுத்துவிடலாமா? டீசல் கார்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டீசல் கார் வைத்திருப்பவர்களிடம் இருந்து ஒரே விஷயத்தைப் பற்றி இத்தனை கேள்விகள்: இன்ஜின் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வை எடுத்துவிடலாமா, அடைத்துவிடலாமா? என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வால்வை எடுக்காதீர்கள், அடைக்கவும் வேண்டாம். ஏன் என்பது ஒவ்வொரு பதிலிலும் வரும்.

கோவை, 1.3 லிட்டர் ஸ்விஃப்ட் டீசல்: அண்ணா, வண்டி இரண்டாவது கியரில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. கரும்புகை, செக் இன்ஜின் லைட் வேறு. இ.ஜி.ஆர்.-க்கு பிளேட் வைத்து அடைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அந்த வால்வு என்ன செய்கிறது என்று பாருங்கள். டீசல் எரியும் சூடு ஒரு அளவைத் தாண்டினால் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிவிடும். எரிந்து முடிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் விட்டால் உள்ளே ஆக்சிஜன் குறையும், எரியும் சூடு தணியும், அந்த விஷவாயுவும் குறையும். இதற்குத்தான் வால்வு. ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்தினால் இன்ஜினுக்குக் காற்று முழுதாக வேண்டும், அப்போது வால்வு தானாக மூடிக்கொள்ளும். உங்கள் வண்டியில் அது கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மூட வேண்டிய நேரத்திலும் புகை உள்ளே போவதால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது, கரும்புகை வருகிறது, இழுவை போய்விடுகிறது. ஆக கோளாறு சிக்கிக்கொண்டதில்தான் இருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகும், வால்வை அசைக்கும் மோட்டார் போயிருந்தால் வேறு வால்வு மாற்றலாம். ஃபியட்டிடம் இருந்து வந்த இந்த 1.3 மல்டிஜெட் இன்ஜின் மாருதி, டாடா, ஃபியட், செவர்லே என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியது, அதனால் இதன் வேலை தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை.

இன்னொன்று, எதையும் கழற்றும் முன், வண்டியின் கணினியில் இருக்கும் கோளாறுப் பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். டர்போவில் இருந்து வரும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருந்தாலும் இதே கரும்புகை, இதே இழுவைக் குறைவுதான் வரும். அதைப் பார்க்காமல் வால்வின் மேல் பழியைப் போடுவது அடிக்கடி நடக்கிறது.

மதுரை: அண்ணே, அடைத்தால் பவர் கூடும், மைலேஜும் கூடும் என்கிறார்களே, நிஜமா?

பவர் கூடாது. முழு ஆக்சிலரேட்டரில் வால்வு ஏற்கனவே மூடித்தான் இருக்கும், மூடியிருப்பதை இன்னொரு முறை மூடி என்ன கிடைக்கும்? அடைத்தபிறகு வண்டி பறக்கிறது என்று சொல்பவர்கள் கரி பிடித்துச் சிக்கிய வால்வோடு ஓட்டியதை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள், சுத்தம் செய்திருந்தாலும் அதே இழுவை வந்திருக்கும். மைலேஜிலும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். மெதுவாகப் போகும்போது இன்ஜினில் ஒரு கட்கட சத்தம் கூடுவதை மட்டும் கவனிப்பீர்கள். புகை கலக்காமல் டீசல் சட்டென்று பற்றுவதால் வருகிற சத்தம் அது.

சேலம்: அடைத்து இரண்டு வருடம் ஆகிறது சார். புகைச் சான்றிதழ் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் பாஸ். புகையே முன்பைவிடக் குறைவு. அப்புறம் எப்படி இது மாசு?

நல்ல கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது உண்மைதான். இ.ஜி.ஆர். ஓடினால் கரி கொஞ்சம் கூடும், அடைத்தால் குறையும். ஆனால் நம் ஊரில் டீசல் வண்டிக்குச் செய்யும் புகைச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. சைலன்சரைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சான்றிதழைக் காட்டி இதை நியாயப்படுத்த முடியாது என்கிறேன். மூச்சுக்குழாயை எரிச்சல்படுத்தி ஆஸ்துமாக்காரர்களைப் படுத்துவது இந்த வாயு. வெயிலில் ஓசோன் உண்டாவதற்கும், காற்றில் நுண்துகள் சேர்வதற்கும் இதுவே ஒரு மூலப்பொருள். சிக்னலில் உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கும் குழந்தை அதைத்தான் சுவாசிக்கிறது, எனக்கு இதில் சமரசம் இல்லை.

2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியது நினைவிருக்கும். சோதனைக் கூடத்தில் மட்டும் இ.ஜி.ஆர்.-ஐ ஒழுங்காக வேலை செய்யவிட்டு ரோட்டுக்கு வந்ததும் குறைத்துவிடுகிற மென்பொருள்தான் அந்த மோசடியின் மையம். இந்தியாவில் மட்டும் அந்தக் குழுமம் சுமார் 3.23 லட்சம் கார்களைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைப்பதாக அறிவித்தது. நாம் பிளேட் வைத்துச் செய்வதும் அதே வேலைதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சென்னை: சார், எனக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் நான்கு கிலோமீட்டர்தான். ஒவ்வொரு முறை சுத்தம் செய்தும் சில மாதத்தில் திரும்ப அடைத்துக்கொள்கிறது. இதற்கு எடுத்துவிடுவதே மேல் இல்லையா?

உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் கரி எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை போலிருக்கிறது. வால்வு வெறும் வழி. இன்ஜின் சூடாகும் முன்பே ஆபீஸ் வந்துவிடுகிறது, தினமும் பாதிக் குளிரிலேயே ஓடுகிற இன்ஜினில் டீசல் சரியாக எரியாது, கரி கூடும். அப்புறம் இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் இருந்து வருகிற எண்ணெய் ஆவி இன்டேக்கில் கலக்கிறது. வறண்ட கரி தானாக அவ்வளவு ஒட்டாது, எண்ணெயோடு சேர்ந்தால்தான் தார் மாதிரி இறுகும். எனவே டர்போவில் எண்ணெய் கசிகிறதா, இன்ஜெக்டர் ஒழுகுகிறதா, காற்றளவு சென்சார் அழுக்காகித் தப்பாகக் காட்டுகிறதா, ஏர் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாள் ஆயிற்று என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிச் சுத்தம் செய்தார்களா? வால்வை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டு மேனிஃபோல்டில் விரல் தடிமனுக்குக் கரியை விட்டுவைத்தால் காற்றோட்டம் எப்படிச் சரியாகும்?

வாரத்தில் ஒரு நாள் வண்டியை பைபாஸில் எடுத்துப் போய் 2,500, 3,000 ஆர்.பி.எம். அளவில் அரைமணி நேரம் ஓட்டுங்கள். நாலாவது கியரில் முப்பதில் உருட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இதற்குப் பிறகும் தினசரி ஓட்டம் நாலு கிலோமீட்டர்தான் என்றால், அடுத்த கார் பெட்ரோலாக இருக்கட்டும்.

திருச்சி, பி.எஸ்.6 டீசல்: டி.பி.எஃப். (புகையில் இருக்கும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிற வண்டியில் இ.ஜி.ஆர்.-ஐ மட்டும் ரீமேப் போட்டு, அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றி, நிறுத்தினால்?

இதில் கையே வைக்காதீர்கள். பி.எஸ். என்பது நம் நாட்டின் வாகனப் புகை விதிமுறை. பி.எஸ்.4-இல் டீசல் கார் கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம், பி.எஸ்.6-இல் 80 மட்டுமே. அந்த அளவுக்கு இறக்க இ.ஜி.ஆர்., புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்து மாற்றும் எல்.என்.டி. அல்லது ஆட்புளூ என்ற யூரியா திரவம் ஊற்றும் எஸ்.சி.ஆர்., டி.பி.எஃப். எல்லாம் ஒன்றை ஒன்று நம்பி வேலை செய்கின்றன. ஒன்றை நிறுத்தினால் ஆட்புளூ கூடுதலாகச் செலவாகும், டி.பி.எஃப்.-இல் எவ்வளவு கரி இருக்கிறது என்ற கணக்கும் தப்பும். வாரன்டி இருந்தால் அதற்கும் ஆபத்து.

ஈரோடு, பழைய வேக்குவம் வால்வு (காற்று உறிஞ்சலால் இயங்கும் வால்வு) வண்டி: இதில் அடைத்தாலும் செக் இன்ஜின் லைட்டே வராது, தெரியுமா?

தெரியும். சென்சார் இல்லாத பழைய வண்டிகளில் வராது. லைட் வராததால் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்துவிடாது.

திருநெல்வேலி: செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறேன். அடைத்த வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வால்வும் குழாயும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், கேஸ்கெட்டோடு ஒரு மெல்லிய தகடு எட்டிப் பார்க்கும். தெரியவில்லை என்றால் இன்ஜின் சூடானபின் ஐடிலில் வைத்து, ஸ்கேனர் வழியாக வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே போகும் காற்றின் அளவு உடனே இறங்க வேண்டும், இன்ஜின் சத்தமும் மாற வேண்டும். ஒன்றும் அசையவில்லை என்றால் அடைத்திருக்கிறார்கள் அல்லது வால்வு செத்திருக்கிறது. ரீமேப்பில் நிறுத்தியிருந்தால் பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றுவதும் உங்கள் செலவு, விலை பேசும்போதே கழித்துவிடுங்கள்.

தஞ்சாவூர்: கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே ஒழுகல் இல்லை. இதற்கும் இ.ஜி.ஆர்.-க்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, இதைத் தள்ளிப்போடாதீர்கள். திரும்பப் போகும் புகையைக் குளிர வைக்கும் இ.ஜி.ஆர். கூலர் உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் இன்டேக்குக்குள் போகும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். 2018-இல் தென்கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தபோது இந்தக் கூலர் கசிவைத்தான் அந்த நிறுவனம் காரணமாகச் சொன்னது, அங்கே மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டியில் ஹெட் கேஸ்கெட் கோளாறாகவும் இருக்கலாம், பிரஷர் டெஸ்ட் செய்தால் தெரிந்துவிடும். அதுவரை நீண்ட தூரம் எடுக்காதீர்கள்.

கரூர்: டீசலில் ஊற்றும் கிளீனர் போட்டால் வால்வு சுத்தமாகிவிடுமா அண்ணா?

ஆகாது தம்பி. அது இன்ஜெக்டர் வரை போய் எரிந்துவிடும், வால்வில் இறுகிய கரியைத் தொடாது. கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்ப்பதுதான் வழி. மோட்டார் பக்கம் திரவம் இறங்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், மாட்டும்போது புது கேஸ்கெட், கடைசியில் ஸ்கேனரில் வால்வுக்கு அடாப்டேஷன், அதாவது வால்வின் நிலையை வண்டியின் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது.